நெளிந்த சங்கிலி (கடிதம்)

அன்புள்ள ஐயா,

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு வங்கியின் நகைக்கடன் பிரிவில் ஏழாண்டுகளாகப் பணிபுரிகிறேன். வயது 29; பொருளியலில் முதுகலை முடித்தவள். வேலையை விட்டுவிட்டு முழுநேர முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்புகிறேன். அதைச் சொன்ன நாளிலிருந்து அப்பா என்னிடம் பேசுவதில்லை. ஏழாண்டுகளை வீணாக்கிவிட்டதாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் அதே பெண்கள் அதே நகைகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஒரு சங்கிலியை அதன் நெளிவைக் கொண்டே யாருடையது என்று சொல்லிவிடுவேன். இப்படியே காலம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. வேலையை விடலாமா?

ச.

அன்புள்ள ச.,

அப்பா பேசுவார், அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 என்று 2023 முதல் தருகிறார்கள். வயது வரம்பு 30 என்றாலும் பெண்களுக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. இவற்றைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

‘வீணாக்கிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்தான் என்னைக் கோபப்படுத்தியது. இவ்வளவு எழுதியும் எதை ஆராயப் போகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இருந்த ஒரே ஆய்வுப் பொருளையும் சலிப்புக்குச் சான்றாகச் சொல்லிக் கடந்துவிட்டீர்கள்.

நான் பத்திரப்பதிவு அலுவலகம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்ற பழைய நில அளவைக் கணக்கு எனக்கு மனப்பாடம். ஆனால் அடுத்தடுத்த இரண்டு ஊர்களின் பழைய ஆவணங்களில் ஒரு மா நிலம் ஒரே பரப்பாக இல்லை. ஏன் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். முத்திரைத்தாள் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். அந்தக் கேள்வியோடு நான்கு ஆண்டுகள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, 33 வயதில் வேலையை விட்டேன். பிறகு ஒரு நாள், ஒரு சிவன் கோயிலின் அதிட்டானம் எனும் கல் அடித்தளத்தில், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில், கூட்டல் குறி போன்ற இரண்டு வெட்டுகளைக் கண்டேன். அவை அந்த ஊரில் நிலம் அளந்த கோலின் இரு முனைகள். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்து அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பதினாறு அடிக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட சதுரமே ஒரு குழி; ஆகவே பன்னிரண்டடிக் கோலில் 144 சதுர அடியாக இருக்கும் குழி, பதினாறடிக் கோலில் 256 ஆகிவிடுகிறது. மேசையில் கிடந்த கேள்விக்குக் கல்லில் விடை இருந்தது. அந்த ஒன்பது ஆண்டுகள் இல்லாவிட்டால் அந்த வெட்டுகளைப் பார்த்தும் பார்க்காமல் நடந்திருப்பேன்.

ஜூன் 12 மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள். குறுவை நெல் விதைப்புக்கும் உழவுக்கும் கையில் காசு வேண்டும், அதனால்தான் உங்கள் முகப்பில் அந்தக் கூட்டம். சங்கிலியைக் கழுத்தில் போடுபவர் ஒருவர், கடன் படிவத்தில் கையெழுத்திடுபவர் ஒருவர், அறுவடைப் பணத்தில் அதைத் திருப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் இன்னொருவர் என்றால், அந்த வீட்டின் பொருளாதாரத்தை யார் நடத்துகிறார்கள்? அணை தாமதமாகத் திறந்த ஆண்டுகளில் எத்தனை நகைகள் திரும்பாமல் ஏலத்துக்குப் போயின? உங்களைவிட அருகில் நின்று இதைக் கேட்கக்கூடியவர் யார்?

கேள்வி இல்லாமல் பல்கலைக்கழகத்துக்குப் போகாதீர்கள், அம்மா. வங்கியில் அன்றன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்வார்கள், மாலையில் கணக்கு நேரானால் வீட்டுக்குப் போகலாம். ஆய்வில் அப்படிச் சொல்ல ஆளில்லை, உங்கள் கேள்விதான் உங்களைக் காலையில் எழுப்ப வேண்டும். பகுதிநேர ஆய்வுக்கும் வழி உண்டு; வங்கியிடம் தடையின்மைச் சான்று கேட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் விவரங்களை அனுமதியின்றி ஆய்வுக்கு எடுத்துவிடாதீர்கள். அந்தப் பெண்களிடமே நேரில் பேசுங்கள்.

அந்தச் சங்கிலி எப்படி நெளிந்தது என்று அதற்குரியவரிடம் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.