தோழியோடு உலகம் சுற்றப் போகிறேன்: அவள் பங்கையும் நானே கட்டலாமா?

கேள்வி: எனக்கு 62 வயது, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாதம் 52,000 ரூபாய் பென்ஷன் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் (போட்டு 14 மாதம் ஆகிறது), ஃபிக்ஸட் டெபாசிட்டில் 40 லட்சம், ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் 38 லட்சம் வைத்திருக்கிறேன். 2028 ஜனவரியில் சவுத்தாம்ப்டனில் கிளம்பி நூறு நாளுக்கு மேல் உலகைச் சுற்றும் சொகுசுக் கப்பலில் கல்லூரித் தோழியும் நானும் போக ஆசைப்படுகிறோம். ஆளுக்கு 28 லட்சம், அதற்கு மேல் 4,10,000 வரி என்கிறார் ஏஜென்ட். தோழிக்குக் கிராமத்து நிலம் விற்றால்தான் பணம். அதுவரை அவள் பங்கில் 20 லட்சத்தை, சேமிப்புத் திட்டக் கணக்கை முடித்து நானே கட்டலாமா? பிள்ளைகள் இந்தப் பயணமே வேண்டாம் என்கிறார்கள்.

பதில்: பயணம் போங்கள். பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். விசா, இன்ஷூரன்ஸ், விமானம், கரையில் ஊர் சுற்றும் செலவு, டிப்ஸ் எல்லாம் சேர்த்து இன்னும் 5 லட்சம் வைத்தால் மொத்தம் 33 லட்சம். உங்கள் 108 லட்சத்தில் அது போனாலும் 75 லட்சமும், ஆயுள் முழுக்க வரும் பென்ஷனும், வீடும் இருக்கின்றன. உழைத்துச் சேர்த்த பணத்தில் 62 வயதில் கடல் பார்க்கப் போவதை நான் ஏன் தடுக்க வேண்டும்?

ஆனால் தோழிக்காக 20 லட்சம் கட்டாதீர்கள். அதையும் சேர்த்தால் 53 லட்சம், உங்கள் சேமிப்பில் கிட்டத்தட்ட பாதி. அது திரும்பி வருவது ஒரு நிலத்தின் விற்பனையை நம்பி இருக்கிறது. கிராமத்து நிலம் என்றால் பட்டாவில் பெயர், வில்லங்கச் சான்று, பங்காளி கையெழுத்து என்று ஏதாவது ஒன்றில் மாதக்கணக்கில் நிற்கும். அந்த இழுபறி கப்பலுக்குள்ளும் வரும். ஒரே கேபினில் நூறு நாள் இருக்கப்போகிறவர்கள் கடன் கொடுத்தவர், வாங்கியவர் என்று இருப்பது இருவருக்குமே கஷ்டம்.

சேமிப்புத் திட்டக் கணக்கைத் தொடவே தொடாதீர்கள். 8.2% வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கொடுக்கும் கணக்கு அது. இரண்டு வருடம் முடிவதற்குள் மூடினால் அசலில் 1.5%, அதாவது 45,000 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள்.

உங்கள் பங்குக்கு, முதிர்வடையும் டெபாசிட்டுகளில் இருந்து 18 லட்சமும் ஃபண்டில் இருந்து 15 லட்சமும் எடுங்கள். ஃபண்டில் எடுப்பதை இரண்டாகப் பிரித்து, பாதியை 2027 மார்ச்சுக்குள்ளும் மீதியை ஏப்ரலிலும் விற்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த ஈக்விட்டி ஃபண்டில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5%. 15 லட்சத்தில் லாபம் 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஒரே வருடத்தில் விற்றால் வரி 46,875. இரண்டு வருடத்தில் சமமாகப் பிரித்தால் 31,250.

ஏஜென்ட் சொன்ன 4,10,000 பழைய கணக்கு. முதல் 10 லட்சத்துக்கு 5%, அதற்கு மேல் 20% என்று டி.சி.எஸ் (பேக்கேஜ் விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்த காலத்தது. 2026 பட்ஜெட்டில் வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்கு இதை 2% ஆக்கிவிட்டார்கள். அப்படியானால் 28 லட்சத்துக்கு 56,000தான். அதுவும் செலவு அல்ல. உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரியில் கழியும், மிச்சம் இருந்தால் ரீஃபண்டாக வரும். பணம் கட்டும் அன்று நடப்பில் உள்ள விகிதத்தைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டு பேரும் தனித்தனி பில் கேளுங்கள், அவரவர் பான், அவரவர் வங்கிக் கணக்கு. இருவருக்கும் நீங்களே கட்டினால் முழு டி.சி.எஸ்ஸும் உங்கள் பெயரில்தான் ஏறும். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு வருடத்தில் 2 லட்சத்துக்கு மேல் செலவழிப்பவர் வருமானம் குறைவாக இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்பதையும் தோழியிடம் சொல்லிவையுங்கள். இன்னொன்று: வரிச் சட்டத்தில் தோழி உறவினர் இல்லை. உறவினர் அல்லாதவரிடம் இருந்து ஒரு வருடத்தில் 50,000க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானம். எனவே சின்னக் கைமாற்று என்றாலும் வங்கி வழியாகவே கொடுத்து வாங்குங்கள், கடன் என்று எழுதிவையுங்கள்.

சரி, நிலம் விற்கவில்லை என்றால்? குனார்டு, பி அண்ட் ஓ போன்ற நிறுவனங்கள் உலகப் பயணத்தைத் துண்டு துண்டாகவும் விற்கின்றன. சவுத்தாம்ப்டனில் இருந்து சிட்னி வரை மட்டும் என்று கேட்டுப் பாருங்கள். தோழியின் கையில் இருக்கும் பணத்துக்கு எவ்வளவு தூரம் வருமோ, அவ்வளவு தூரம் இருவரும் சேர்ந்து போகலாம். எனக்கு இதுதான் பிடித்த வழி.

கேபின் கட்டணம் இருவர் தங்குவதாக வைத்துப் போடப்படுவது. ஒருவர் கடைசி நேரத்தில் விலகினால், மற்றவரிடம் தனியாள் கட்டணம் கேட்கலாம், அது இரு மடங்கு வரை போகும். விலகுபவர் அந்தக் கூடுதலில் எவ்வளவு ஏற்பார் என்று முன்பணம் கட்டும் முன்பே பேசி, இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூச்சமாக இருக்கும், இருந்தாலும் செய்யுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்க வேண்டாம். பயணம் ரத்தானால் பணம் வருமா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு தருவார்கள் என்பதை பாலிசியில் படித்துப் பாருங்கள். கப்பல் டாக்டர் கட்டணமும் உங்கள் கேபின் பில்லில்தான் ஏறும்.

கப்பலில் ஆளுக்கொரு கார்டில் தனிக் கணக்கு திறக்கச் சொல்லுங்கள். கரையில் கார்டு மெஷின் ரூபாயா, உள்ளூர் பணமா என்று கேட்டால் உள்ளூர் பணத்தையே அழுத்துங்கள், ரூபாய் என்றால் மோசமான விலையில் மாற்றுவார்கள்.

அப்புறம், விசா. பிரிட்டனுக்கு ஒன்று, ஐரோப்பிய ஊர்களுக்குப் பலமுறை நுழையும் ஷெங்கன், கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தைத் தொட்டால் அந்த நாட்டு விசாவும் வேண்டும். அமெரிக்க நேர்காணல் தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம். முன்பணம் கட்டிய கையோடு அதற்கு விண்ணப்பியுங்கள். முடிந்தவரை விசாக்கள் கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.