சத்தம் போட்டுச் சாப்பிடுவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை முடிந்து இரவில் ஜப்பானிய மொழி படிக்கிறேன். டிசம்பரில் என்3 நிலை மொழித்திறன் தேர்வு. மொகுமொகு, பக்குபக்கு, ஜுருஜுரு என்று சாப்பிடுவதற்கு மட்டும் எத்தனை இரட்டைச் சொற்கள்! குழந்தைப் பேச்சு மாதிரி இருக்கிறது. அவர்கள் எதையும் உறிஞ்சித்தான் சாப்பிடுவார்கள் என்பதால் வந்தவையா? எப்படி மனப்பாடம் செய்வது?

கா., கோவை

அன்புள்ள கா.,

அசதியோடு வந்து இன்னொரு மொழியோடு உட்கார்கிறீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. ஆனால் 'எதையும் உறிஞ்சித்தான் சாப்பிடுவார்கள்' என்ற வரியில் கோபம் வந்தது. ராமென் நூடுல்ஸ் கடை வீடியோ நாலு பார்த்துவிட்டு ஒரு நாட்டையே எடைபோடுவீர்களா?

குழந்தைப் பேச்சு என்பதை விடுங்கள். பக்குபக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வாயைத் திறந்து மூடி விழுங்கிக்கொண்டே போகும் அந்த மஞ்சள் வட்டம், 1980இல் வந்த வீடியோ கேம் பேக்மேன், அதன் பெயரே இதிலிருந்து வந்ததுதான்.

ஜுருஜுரு என்பது நூடுல்ஸை உறிஞ்சுவது. சோபா என்கிற ஜப்பானிய நூடுல்ஸ் என்றால் அது தப்பே இல்லை, காற்றோடு சேர்த்து இழுத்தால்தான் மணம் மூக்குக்கு ஏறும் என்பார்கள். அதே ஆள் ஸ்பகெட்டியை அப்படி உறிஞ்சினால் பக்கத்து மேசையில் முகம் சுளிப்பார்கள். வாயைத் திறந்துகொண்டு மென்றால் அதற்குக் குச்சகுச்ச என்று தனிச்சொல், அது வசவு. கட்சுகட்சு என்றால் காணாததைக் கண்டவன்போல் அள்ளித் தின்பது, அதிலும் ஒரு இளக்காரம் உண்டு. அப்புறம் சத்தமே இல்லாதவை: சாக்கே என்ற அரிசி மதுவைத் துளித்துளியாகக் குடிப்பது சிபிசிபி, தட்டை ஒரே மூச்சில் காலி செய்வது பெரோரி. பக்கத்து இலையைக் கவனிக்கிறவர்கள் உண்டாக்கிய சொற்கள் ஐயா இவை! உறிஞ்சுகிறவர்கள் மட்டும் உண்டாக்கியவை அல்ல.

டோக்கியோவில் ஒருமுறை ரகுகோ என்ற கதைசொல்லும் நிகழ்ச்சி பார்த்தேன். மண்டியிட்டு உட்கார்ந்த கதைசொல்லி, கையில் ஒரு விசிறி, ஒரு துணி, அவ்வளவுதான். விசிறியை மடக்கிக் குச்சியாக்கி, இல்லாத கிண்ணத்திலிருந்து சோபாவை உறிஞ்சினார். கூட்டம் கைதட்டியது. தேர்ந்தவர்கள் தடித்த உடோன் நூடுல்ஸுக்கு வேறு மாதிரி உறிஞ்சுவார்கள். எனக்குக் கதை பாதிதான் புரிந்தது, பசி முழுசாக எடுத்தது. அந்த ஆளைப் பார்த்த பிறகும் உறிஞ்சுவதை அநாகரிகம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போய்விடுவேன்.

மனப்பாடம்தானே கேட்டீர்கள்? ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பிட்டு வாயில் போடுங்கள். மாவாக உதிர்ந்தால் அதுதான் ஹொக்குஹொக்கு. வாயை மூடி மென்றால் மொகுமொகுவும் கூடவே வந்துவிடும்.