மேல வெட்டுற மலைய விடுங்க, மூணாவது போட்டோவுல இருக்குறது என்ன?

கேள்வி (நீளமான கடிதம், சுருக்கிப் போட்டிருக்கேன்): சேர், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல (தொழிலாளர் வரிசை வீட்டுல) இருக்குறோம். லயத்துக்கு மேல ரோட்டோரமா இருக்குற உறுதிக் காணிய வெளியாள் ஒருத்தர் வாங்கி மூணு மாடி கட்டுறாரு, வாடகைக்கு விடுற வீடாம். மலைய செங்குத்தா வெட்டிட்டாங்க, மழை பேஞ்சா சேறு நாங்க தண்ணி பிடிக்கிற பீலிக்கு வருது, காம்பரா (அறை) சுவர் வெடிச்சிருக்கு. பிரதேச சபை எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம அனுமதி குடுத்திருக்கு. தவிசாளர், பிரதேச செயலாளர், அமைச்சர் எல்லாருக்கும் பெட்டிசம் போட்டு எட்டு மாசமாச்சு. இருநூறு வருஷமா இந்த மண்ணுல உழைச்ச எங்களுக்கு இதுதான் மரியாதையா? சபை மேல கேஸ் போட்டு அனுமதிய ரத்து பண்ண முடியுமா? போட்டோ நாலு அனுப்பியிருக்கேன்.

பதில்: தம்பி, இருநூறு வருஷக் கதையும் தவிசாளர் வோட்டு கேட்டு வந்தப்போ கையெடுத்துக் கும்பிட்ட கதையும் உண்மையாவே இருக்கட்டும், நானும் லயத்துல பொறந்தவன்தான், ஆனா கோட்டுல அதுல ஒரு வரிக்கும் வேலையில்ல. உங்கள கேக்கலங்குறதும் பெருசா நிக்காது. ஒருத்தர் தன்னோட உறுதிக் காணியில வீடு கட்ட கீழ் லயத்துல கையெழுத்து வாங்கணும்னு பொதுவா சட்டம் இல்ல. பெமிட்டுல கையெழுத்து போட்டது சபைச் செயலாளர், தெரிவான சபையே இல்லாத காலம், அதனால செல்லாதுன்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க போல, அதையும் விட்டுருங்க. 2023 மார்ச்சுல சபைக் காலம் முடிஞ்சு 2025 மே தேர்தலுக்கு அப்புறம் புது சபை வர்ற வரைக்கும் அனேகமா எல்லா பிரதேச சபையிலயும் செயலாளர்தான் வேலை பாத்தாரு, அத நம்பி காசு செலவழிக்காதீங்க.

பாக்க வேண்டியது என்.பி.ஆர்.ஓ. அறிக்கை, அதாவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குடுக்குற மண்சரிவு அறிக்கை. நுவரெலியா மாதிரி மண்சரிவு மாவட்டத்துல 2011ல இருந்து அது இல்லாம கட்டட அனுமதி குடுக்கக் கூடாது. கட்டலாம் கட்டக்கூடாதுன்னு ஒரு சொல்லுல அது முடியாது, எவ்வளவு உயரம் வெட்டலாம், தாங்கு சுவர் எங்க வரணும், தண்ணிக் கான் எந்தப் பக்கம் போகணும்னு நிபந்தனையெல்லாம் இருக்கும். அறிக்கை எடுத்தாங்களா, எடுத்திருந்தா அதுல சொன்னபடி வெட்டினாங்களா, உங்களுக்கு கேஸ்னு ஒண்ணு இருந்தா இதுக்குள்ளதான் இருக்கு. இந்த எட்டு மாசத்துல நீங்க போட்ட பெட்டிசம் ஒண்ணுலகூட இதக் கேக்கல. தகவலறியும் சட்டத்துல (2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம்) சபைக்கு ஒரு விண்ணப்பம் போட்டு பெமிட், பிளான், அந்த அறிக்கை மூணுக்கும் காப்பி கேளுங்க, 14 வேலை நாளுக்குள்ள தர்றோமா இல்லையான்னு அவங்க சொல்லியாகணும்.

இப்ப உங்க போட்டோவுக்கு வர்றேன். முதல் ரெண்டும் வெட்டின மலை, நாலாவது சுவர் வெடிப்பு, பக்கத்துல தீப்பெட்டி வச்சு எடுத்திருக்கீங்க, நல்லது. மூணாவதுதான் என்னைய தூங்க விடல. லயத்தோட கடைசி காம்பராவ ஒட்டி புதுசா ரெண்டு அறை, மேல சிலாப் போட்டாச்சு, தூண்ல இருந்து கம்பி நாலு ஆகாசத்தப் பாத்துக்கிட்டு நிக்குது, அடுத்த தட்டு எழுப்பப் போறீங்கன்னு அர்த்தம். அது உங்க வீடுதானே? கடிதத்துல அதப் பத்தி ஒரு சொல்லு இல்ல.

அந்த அறைகளுக்கு சபை பெமிட் இருக்கா? காணிக்கு உங்க பேர்ல என்ன கடதாசி இருக்கு? தோட்ட ஆளுங்களுக்கு அரசாங்கம் குடுத்த 7 பேர்ச் காணிக்கு உறுதி கிடைச்சவங்க கதை வேற, உங்களுக்கு கிடைச்சிருந்தா கடிதத்துல முதல் வரியே அதாத்தான் இருந்திருக்கும். தோட்டத் துரை (மேனேஜர்) வாயால சரின்னு சொன்னாரு, யூனியன் தலைவர் முன்னாடி நின்னுதான் அத்திவாரம் வெட்டினோம்னு சொல்லுவீங்க. தோட்டக் காணி அரசாங்கத்தோடது, 1992ல இருந்து கம்பெனி குத்தகைக்கு வச்சிருக்கு அவ்வளவுதான். 1979ஆம் ஆண்டு 7ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டத்துல நோட்டீஸ் வந்துச்சுன்னா நீதவான் உங்ககிட்ட கேக்குறது ஒரே கேள்வி, இங்க இருக்க அரசாங்கம் எழுத்துல குடுத்த, இன்னும் செல்லுபடியாகுற அனுமதி இருக்கா? வேற எதையும் அவர் கேக்கத் தேவையில்ல, கேக்கவும் மாட்டாரு, அந்தக் கட்டளைக்கு அப்பீலும் கிடையாது. அது இல்லாம, அந்த இடம் நகர அபிவிருத்தி அதிகாரசபை பிரதேசமா அறிவிச்ச இடம்னா, பெமிட் இல்லாத கட்டடத்த உடைக்க அந்த அதிகாரசபைச் சட்டத்து 28ஏ பிரிவுல சபையே நீதவான்கிட்ட போகலாம்.

இத நான் புஸ்தகத்துல படிச்சு சொல்லல. சில வருஷத்துக்கு முன்னாடி உங்கள மாதிரியே ஒருத்தர் வந்தாரு, மேசன் வேலை செய்யுறவர், பக்கத்துக் கடைக்காரர் கானுக்கு மேல கட்டிட்டாருன்னு விடாம பெட்டிசம் போட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசியில சபை டி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்தாரு, வந்தவர் ரெண்டு கட்டடத்தையும் அளந்தாரு. கடைக்காரர்கிட்ட பிளான் இருந்துச்சு, கொஞ்சம் மீறல், அத திருத்தி சரிக்கட்டிட்டாரு. நம்ம ஆள்கிட்ட எதுவுமே இல்ல. தான் கட்டின குசினிய தானே சம்மட்டி எடுத்து உடைச்சாரு, சபை உடைச்சா அந்தச் செலவும் நம்ம தலையில விழும்னு பயந்து. கடைக்காரர் கட்டடம் இன்னும் அப்படியேதான் நிக்குது.

அனுமதிய ரத்து பண்ணச் சொல்லி கோட்டுக்கு ரிட் மனு போடலாமான்னு கேட்டீங்க, போடலாம். மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு சத்தியக் கடதாசி குடுக்கணும், அதுல உங்க ரெண்டு அறையையும் மறைக்காம சொல்லணும், மறைச்சது தெரிஞ்சா வழக்கு அங்கேயே முடிஞ்சுது, எதிர்ப்பக்க லோயர் அந்த மூணாவது போட்டோவ ரோட்டுல நின்னு எடுத்துருவாரு. சொன்னா சபை கையில நீங்களே வாக்குமூலம் குடுத்த மாதிரி. அதுக்கு மேல எட்டு மாசத் தாமதம், பெட்டிசம் போட்டுக்கிட்டிருந்தேங்குறது அதுக்கு நல்ல காரணமா எடுபடாது, அதுக்குள்ள அவங்க மூணாம் தட்டுக்கு வந்துருவாங்க. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாசம்தான், அது எப்பவோ போயிருச்சு.

அதனால சொல்றேன், பேசி முடிங்க. அனுமதி ரத்தாகுறதுனால உங்க சுவர் கெட்டியாகப் போறதில்ல, உங்களுக்கு வேண்டியது தாங்கு சுவரும் கானும். அறிக்கை காப்பி கையில வந்ததும் என்.பி.ஆர்.ஓ. மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்க, வெட்டின இடத்த மட்டும் பாக்கச் சொல்லி, லயத்து ஆளுங்க பத்து பேர் கையெழுத்தோட, உங்க பேர் தனியா முன்னுக்கு நிக்க வேணாம். அப்புறம் கட்டுறவர மத்தியஸ்த சபைக்கு கூப்பிடுங்க. மூணு மாடி கட்டுறவருக்கு வேலை நிக்காம இருக்கணும், சுவர் ஒண்ணு கட்டிக் குடுக்குறது அவருக்கு அதவிட மலிவு. அதுக்கிடையில அந்தக் கம்பி நாலுக்கு மேல ஒரு சட்டி காங்கிரீட்கூட போடாதீங்க.

மழை நாளுல அந்த வெடிப்பு அகலமானாலோ பீலித் தண்ணி திடீர்னு கலங்கினாலோ கேஸ், கடதாசி ஒண்ணையும் யோசிக்காம பிள்ளைகள கூட்டிக்கிட்டு வெளிய வந்து 117க்கு (அனர்த்த முகாமைத்துவ நிலையம்) அடிங்க, பதுளை மாவட்டத்து மீரியபெத்த தோட்டத்துல 2014ல மலை சரிஞ்சு லயத்து மேல வந்தது காலையில, ஆளுங்க பலர் வீட்டுல இருக்கும்போது.

இன்னொண்ணு. பேச வர்றவர் ஒரு தொகைய மேசையில வச்சு "ஆட்சேபனை இல்லை"ன்னு ஒரு கடிதத்துல கையெழுத்து கேப்பாரு, அனேகமா சிங்களத்துல டைப் பண்ணித்தான் கொண்டு வருவாரு. சுவர் எழும்பி கான் வெட்டி முடியுற வரைக்கும் அதுல கையெழுத்து வைக்காதீங்க, முடிஞ்ச பிறகும் தமிழ்ல எழுதி வாங்கி எனக்கு அனுப்பிட்டு வைங்க.