முகம் எரியும்போது எந்த ஐஸ் வாங்கலாம்?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் இருக்கிறேன், வயது 41. கன்னமும் மூக்கும் திடீர் திடீரென்று சூடேறி எரிகின்றன, பருபோலக் கிளம்புகிறது. தோல் மருத்துவர் ரோசேசியா என்றார். காரத்தையும் சூட்டையும் குறைக்கச் சொன்னார். ஐஸ் சாப்பிட்டால் சில நாள் இதமாக இருக்கிறது, சில நாள் எரிச்சல் கூடுகிறது. எதைப் பார்த்து வாங்குவது? கருவாடு இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது, அதையும் விட்டுவிட வேண்டுமா? கடையில் ஐஸ்கிரீமுக்கு 'கூலிங்' என்று 2 ரூபாய் கூட வாங்குகிறார்களே, அது சரியா?

பதில்: எல்லாவற்றையும் விட வேண்டியதில்லை, அம்மா. எது உங்களுக்கு ஆகவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம், ஏனென்றால் அது ஆளுக்கு ஆள் மாறும்.

முதலில் ஒன்று கேட்கிறேன். எரிச்சல் கூடிய நாளில் ஐஸை எங்கே நின்று சாப்பிட்டீர்கள்? பாம்பன் பக்கம் மத்தியான வெயிலில் நின்று சாப்பிட்டிருந்தால், பழி ஐஸுக்குப் போகக்கூடாது. இந்த நோயை அதிகம் தூண்டுவது வெயில். ஒரு நோட்டில் இரண்டு மூன்று வாரம் எழுதி வையுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், வெயிலில் இருந்தீர்களா, அடுப்படியில் எவ்வளவு நேரம் நின்றீர்கள். நம் நிறத்தில் முகம் சிவப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் கண்ணாடியை நம்பாமல், எரிச்சலையும் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குளிர்ச்சி பொதுவாக உங்களுக்கு நல்லதுதான். முகம் சூடேறும்போது ஐஸ் துண்டை வாயில் வைத்துச் சப்பினாலே பலருக்கு அடங்கும். (முகத்தில் நேராகத் தேய்க்க வேண்டாம்.) வாங்கும்போது சுவையைப் பாருங்கள். சாக்லேட், பட்டை வாசனை சேர்த்தது, ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவை சிலருக்கு ஆகாது. வெறும் வெனிலாவிலோ பால் ஐஸிலோ தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். உறையில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருந்தால் அதில் பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு இருக்கும். அதனால் முகம் எரியும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பால் ஐஸ்கிரீம் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள். நுங்கு கிடைக்கும் காலத்தில் நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

மிளகாய் விஷயம் கொஞ்சம் கஷ்டம்தான். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அதை விடச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் நரம்பில் சூட்டை உணரும் அதே வாசலைத்தான் மிளகாயின் காரமும் திறக்கிறது. கொதிக்கக் கொதிக்கக் காரக்குழம்பு என்றால் இரட்டை அடி. மிளகாயைப் பாதியாக்கி, குழம்பை ஆறவிட்டுச் சாப்பிடுங்கள். காப்பியும் அப்படித்தான். 1981-இல் வந்த ஓர் ஆய்வில், சூடான காப்பியைப் போலவே வெறும் வெந்நீரும் முகத்தைச் சிவக்க வைத்தது. ஆறிய காப்பி அப்படிச் செய்யவில்லை.

மீனுக்கு வருவோம். சூரை, காணாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களைப் பிடித்தபின் ஐஸில் வைக்காமல் போட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். அது எவருக்கும் முகத்தைச் சிவக்க வைக்கும், உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். வேகவைத்தாலும் பொரித்தாலும் போகாது, நாற்றத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இந்த மூன்றையும் ஐஸில் இருந்ததா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் அன்று சங்கரா வாங்குங்கள். கருவாட்டிலும் இதே சிக்கல் உண்டு. இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, ஒருநாள் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். முகம் எரியவில்லையென்றால் தாராளமாகச் சாப்பிடலாம்.

கூலிங் காசு கொடுக்காதீர்கள். உறையில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தவறு. பில் கேளுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் என்னால் சொல்லாமல் விட முடியவில்லை. மருந்துக்கடையில் சும்மா கேட்டு வாங்கிய முகக் க்ரீம் ஏதாவது பூசுகிறீர்களா? டியூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பூசிய புதிதில் முகம் தெளியும், நாளாக நாளாக இதே நோயை அதுவே கொண்டுவரும். சட்டென்று நிறுத்தினாலும் முகம் பொங்கும் என்பதால், அந்த டியூபைக் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.