சாகும் கோழியை அறுத்துக் குழம்பு வைக்கலாமா?

பாலக்கோடு பக்கம் நாட்டுக்கோழிகள் வரிசையாகச் சாகின்றன, மிச்சத்தை அறுத்துவிடலாம் என்று மாமியார் சொல்கிறார், கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொன்னால் பறவைக் காய்ச்சல் என்று எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களோ என்று பயம் என எழுதியிருந்தீர்கள்.

நன்றாக வெந்தால் கிருமி சாகும் என்று மாமியார் சொல்வது சரிதான். 70 டிகிரிக்கு மேல் முழுதாக வெந்த கறியில் பறவைக் காய்ச்சல் வைரஸ் தாங்காது. ஆனால் அறுப்பது, இறகு பிடுங்குவது, குடல் எடுப்பது எல்லாம் வேகும் முன் நடப்பவை. மனிதருக்குத் தொற்றியது பெரும்பாலும் இப்படிக் கோழியைக் கையாளும்போதுதான். அதனால் நோய்க்கோழியை அறுக்கவே வேண்டாம். பிள்ளைகளைக் கூண்டுப் பக்கம் விடாதீர்கள்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிச் செத்தால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நம் ஊர்க் கோழிகளுக்கு அதுதான் பழைய எமன், தடுப்பூசியும் இருக்கிறது. கொண்டை நீலம் பாய்ந்து, தலை வீங்கித் திடீரெனச் சாவது வெள்ளைக்கழிச்சல், பறவைக் காய்ச்சல் இரண்டிலும் வரலாம். கண்ணால் பார்த்து யாரும் முடிவு சொல்ல முடியாது, பரிசோதனைதான் சொல்லும்.

அப்புறம் அந்தப் பயம். பறவைக் காய்ச்சல் உறுதியானால் அழிப்பார்கள், உண்மைதான். ஆனால் இழப்பீடு அப்படி அழிக்கும் பறவைகளுக்குத்தான். முன்பே செத்தவற்றுக்குக் கிடையாது. மறைப்பதில் நட்டம் உங்களுக்கே. இன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள், அல்லது கால்நடை உதவி எண் 1962க்கு அழையுங்கள். செத்ததை ஏரியில் வீசாமல் மூக்கையும் வாயையும் மூடி, கையில் கவரோடு எடுத்து, ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மருத்துவர் உடனே வருவதாக இருந்தால் ஒன்றை மட்டும் அவர் பார்க்க விட்டுவையுங்கள்.