தொட்டியில் ஊறும் கல்லை அவசரப்பட்டு எடுக்காதீர்கள்

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்துகிறேன், ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். டொயோட்டா கார் கம்பெனியிலிருந்து வந்த, விரயத்தைக் குறைக்கும் ‘லீன்’ முறைக்கு மாறி இருப்பைக் குறைக்கச் சொல்கிறார் வெளியூர் வாடிக்கையாளர். சான்றிதழும் மானியமும் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் போதும். சிறு தொழில்களுக்கான லீன் திட்டம் 2023 மார்ச்சில் புது வடிவில் வந்தது. ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை ஒன்றிய அரசே ஏற்கிறது. இடையில் நிற்பவருக்கு இதில் வேலையே இல்லை. ஆனால் விண்ணப்பம் இணையத்தில், விளக்கம் ஆங்கிலத்தில், பயிற்சிக்குப் போனால் கார் கம்பெனி உதாரணம் என்று வைத்திருந்தால் பட்டறைக்காரர் தரகரிடம் போகாமல் என்ன செய்வார்? சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். தெளிவாகப் பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.

அடுத்து இருப்பு. ‘இருப்பெல்லாம் விரயம்’ என்ற டொயோட்டா பாடத்தை அப்படியே உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் கிடப்பது இன்னும் வேலை முடியாத டைல்ஸ் கல். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும்; வெயிலில் காயவைத்தால் வலு வந்துவிடாது. இரண்டு நாள் முன்னால் எடுத்தாலும் பூ வேலை பளிச்சென்றுதான் இருக்கும். லாரியில் ஏற்றும்போது மூலை உதிரும். தப்பிப் போய்ச் சேர்ந்த கல் தரையில் சீக்கிரம் தேயும். எவ்வளவு பெரிய ஆலோசகர் வந்து சொன்னாலும், எவ்வளவு பெரிய ஆர்டராக இருந்தாலும், ஊறும் நாளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

மற்ற இடங்களில் தாராளமாகக் குறைக்கலாம். சிமென்டை மாதக்கணக்கில் அடுக்கி வைத்தால் வலு போகும், தேவைக்கு வாங்குங்கள். நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும் மிஞ்சிய கலவை இறுகிக் குப்பைக்குப் போகிறது. ஒரே நிறத்து ஆர்டர்களைச் சேர்த்து வார்த்துவிடுங்கள். உடைசலை இடம்வாரியாகச் சிலேட்டில் குறியுங்கள்: கல்லை வார்த்த கண்ணாடித் தட்டிலிருந்து எடுக்கும்போதா, தொட்டியில் இறக்கும்போதா, அடுக்கும்போதா? ஒரு மாதம் எழுதினாலே எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கல் எண்ணிக்கைக்குக் கூலி கொடுப்பதானால் ஆட்கள் உடைசலை மறைப்பார்கள். கூலியில் பிடிக்கமாட்டேன் என்று முதலிலேயே வாக்குக் கொடுங்கள்.

வாடிக்கையாளருக்குத் தொட்டிவாரியாக வார்த்த தேதியும் எடுக்கும் தேதியும் எழுதி அனுப்புங்கள். சரக்கு என்றைக்கு வரும் என்பதுதான் அவருடைய கவலை.