வீட்டு ஷெட்டில் சூப்பர்சார்ஜர் மாட்டலாமா?

கேள்வி: என்னிடம் 1.6 லிட்டர் பெட்ரோல் கார் இருக்கிறது. டர்போ கிடையாது. 110 குதிரைசக்தி, கம்ப்ரஷன் விகிதம் 10.5. இதுவரை 85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கிளட்ச், டைமிங் பெல்ட் எல்லாம் நானே மாற்றிப் பழக்கம். இந்த மாடலுக்கென்றே விற்கும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் (என்ஜின் பெல்ட்டால் சுழன்று காற்றை என்ஜினுக்குள் திணிக்கும் ஊதி) கிட் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே மாட்ட நினைக்கிறேன். "வெறும் 6 பிஎஸ்ஐதான், என்ஜினைத் திறக்கவே வேண்டாம்" என்கிறார் விற்பவர். நம்பலாமா? எங்கே கவனமாக இருக்க வேண்டும்? பிற்பாடு சின்ன புல்லி போட்டு பூஸ்ட்டை, அதாவது ஊதி தரும் கூடுதல் காற்றழுத்தத்தை, கூட்டிக்கொள்ளலாமா?

பதில்: மாட்டலாம். டைமிங் பெல்ட்டைத் தானே மாற்றியவருக்கு இதில் ஸ்பேனர் வேலை பெரிய பாரமாக இருக்காது. இரண்டு மூன்று நாள் நிதானமாக ஒதுக்குங்கள், முடிந்துவிடும். என் கவலை அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. காற்றைக் கூடுதலாக ஊட்டிவிட்டு, அதற்கேற்ற பெட்ரோலும் சரியான ஸ்பார்க் நேரமும் கிடைக்கிறதா என்று அளந்து பார்க்காமல் சாலையில் இறங்கிவிடுகிறார்கள். சூப்பர்சார்ஜர் போட்டுக் கெட்டுப்போன என்ஜின்களில் நான் பிரித்துப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அப்படிப் போனவைதான்.

முதலில் அந்த 6 பிஎஸ்ஐ. டயருக்கே 32 அடிக்கிறோம், 6 என்ன பெரிய எண் என்று தோன்றும். உங்கள் என்ஜின் இத்தனை நாளும் சுவாசித்தது 14.7 பிஎஸ்ஐ உள்ள வளிமண்டலக் காற்றை. அதோடு 6 சேர்ந்தால் 20.7. அதாவது 1.4 மடங்கு. காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அதன் அடிப்பாகம் கையைச் சுடுமே, அதேதான். வெளியே 30 டிகிரி இருக்கும் காற்று, ரூட்ஸ் ஊதியைத் தாண்டும்போது 80 டிகிரியைத் தொட்டுவிடும். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறைவதால், 1.4 மடங்கு அழுத்தம் கொடுத்தும் சிலிண்டருக்குள் போகும் காற்று ஏறத்தாழ 20 சதவீதம்தான் கூடும். நடுவில் இன்டர்கூலர் வைத்து 45 டிகிரிக்கு இறக்கினால் 34 சதவீதம் வரை வரும். ஆகவே உங்கள் கிட்டில் இன்டர்கூலர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கிட்டை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். சக்தி குறைவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சூடு நாக்கிங்கைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

நாக்கிங் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா எச்சரிக்கையும் இதிலிருந்துதான் வருகிறது. பிளக்கில் கிளம்பும் தீ, சிலிண்டர் முழுக்க ஒரே சீராகப் பரவி பிஸ்டனைத் தள்ள வேண்டும். அந்தத் தீ வந்து சேர்வதற்குள், ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடித்தால் அது நாக்கிங். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். முன்கூட்டி அமுக்காத காற்றுக்கு 10.5 கம்ப்ரஷன் சுகமான அளவு. ஏற்கெனவே 1.4 மடங்கு அமுக்கிய காற்றை மறுபடி 10.5 மடங்கு அமுக்குவது வேறு கதை. டர்போவோடு தொழிற்சாலையிலிருந்து வரும் கார்களில், நேரடி இன்ஜெக்ஷன் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் முறை) இல்லாத என்ஜின்களுக்குப் பெரும்பாலும் 9-ஐ ஒட்டியே கம்ப்ரஷனை வைப்பது இதனால்தான்.

விற்பவர் சொன்னது பொய் இல்லை. 6 பிஎஸ்ஐக்கு, நல்ல இன்டர்கூலரும் சரியான டியூனிங்கும் (பெட்ரோல் அளவையும் ஸ்பார்க் நேரத்தையும் பொருத்தமாக அமைப்பது) இருந்தால், ஆரோக்கியமான என்ஜினைத் திறக்காமலே ஓட்டலாம். இதில் எத்தனை "இருந்தால்" என்பதைக் கவனியுங்கள்.

அதனால் கிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். என்ஜினைச் சூடாக்கி, எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுழற்றி நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். அதிகமானதற்கும் குறைவானதற்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சூப்பர்சார்ஜர் கனவைக் கொஞ்ச நாள் ஒத்திவையுங்கள். எண்ணெய் குடிக்கிற என்ஜினுக்கும் இதே பதில். கியர்பாக்ஸ் சிவிடி (தனித்தனி கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) என்றால் அது எவ்வளவு டார்க் (சுழற்று விசை) தாங்கும் என்று தெரியாமல் தொடாதீர்கள். நேரடி இன்ஜெக்ஷன் என்ஜினாக இருந்தால் பெட்ரோலைக் கூட்டுவது பெரிய வேலை. நான் கீழே சொல்லும் கணக்கு அதற்குப் பொருந்தாது.

இப்போது பெட்ரோல். இங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும்.

கார் சாதாரணமாக ஓடும்போது 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற கணக்கில் ஓடுகிறது. பூஸ்ட்டில் அது போதாது. முழு ஆக்ஸிலரேட்டரில் 11.5 முதல் 12 வரை இருக்க வேண்டும்; அந்தக் கூடுதல் பெட்ரோல் சிலிண்டருக்குள் ஆவியாகிக் குளிர்விக்கிறது. காரோடு வந்த ஆக்ஸிஜன் சென்சார் குறுகிய வகையாக இருந்தால், 14.7-க்குப் பக்கத்தில் கலவை அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும்; 12-க்கும் 13.5-க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே இந்த விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் மீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி, சூப்பர்சார்ஜருக்கு முன்பே பொருத்திவிடுங்கள். கிட்டில் இது வராது. இதை மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். பூஸ்ட் என்ஜினில் ஒரு குதிரைசக்திக்கு நிமிடத்துக்குச் சுமார் 6.3 சிசி பெட்ரோல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் 110, சூப்பர்சார்ஜருக்குப் பின் 140 ஆகும் என்று வைப்போம். நான்கால் வகுத்து, இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்ற பாதுகாப்பையும் சேர்த்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 275 சிசியாவது ஊற்ற வேண்டும். 110 குதிரைசக்திக்காகத் தொழிற்சாலை போட்ட இன்ஜெக்டர் இதைத் தாங்குவது சந்தேகம். பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் ரெயிலின் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தம் 50 பிஎஸ்ஐ என்று நிலையாக இருந்தால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுக்குள் 6 பிஎஸ்ஐ எதிர்த்து நிற்கும்போது இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 44தான். பெட்ரோல் அதிகம் வேண்டிய அதே நொடியில் ஊற்றும் அளவு 6 சதவீதம் குறைகிறது. மேனிஃபோல்டு அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் ரெகுலேட்டர் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. அதற்குப் பதில் பம்ப் கூடுதல் அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள வேண்டும், பழைய பம்ப் அங்கே மூச்சு வாங்கும்.

ஒரு முறை என்னிடம் இழுத்து வரப்பட்ட கார் இப்படித்தான். நான்கு நாள் பறந்தது என்றார் உரிமையாளர், கண் கலங்கியபடி. ஐந்தாம் நாள் மூன்றாவது சிலிண்டரில் புகை. பிரித்தால், பிஸ்டனின் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் விளிம்பு துண்டாக உடைந்து கிடந்தது. பொருத்திய வேலை அவ்வளவு சுத்தம், ஒரு கிளாம்ப்கூடக் கோணலாக இல்லை. 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் பெட்ரோல் பம்ப் ஈடுகொடுக்கவில்லை; அதைச் சொல்ல ஒரு மீட்டர் அந்தக் காரில் இல்லை. அவருக்கு அதை விளக்கியபோது எனக்கே மனசு கேட்கவில்லை.

மேனிஃபோல்டு பிரஷர் சென்சாரையும் பாருங்கள். டர்போ இல்லாத காரில் இருப்பது பெரும்பாலும் 1 பார், அதாவது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம், வரை மட்டுமே படிக்கும். பூஸ்ட் வந்ததும் அது உச்சியில் முட்டி நிற்க, எத்தனை காற்று வருகிறது என்றே இசியுவுக்கு (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) தெரியாது. 2 பார் அல்லது அதற்கு மேல் படிக்கும் சென்சாரும், அதைப் புரிந்துகொள்ளும் புரோகிராமும் சேர்ந்தே வர வேண்டும். ஸ்பார்க் நேரத்தை, தொடக்கத்துக்கு, 1 பிஎஸ்ஐக்கு 1 டிகிரி என்று பின்தள்ளுவது பழைய வழக்கம். அது தொடங்கும் இடம் மட்டுமே. பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றி, இடைவெளியை 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். அடர்ந்த காற்றில் அகன்ற இடைவெளியைத் தாண்ட முடியாமல் ஸ்பார்க் அணைந்துபோகும். (எண் கூடினால் குளிர்ச்சி என்பது எல்லா பிராண்டுக்கும் பொருந்தாது, சிலவற்றில் தலைகீழ். பட்டியலைப் பார்த்து வாங்குங்கள்.) பெட்ரோலிலும் 95 ரான் (நாக்கிங்கைத் தாங்கும் திறனைச் சொல்லும் ஆக்டேன் எண்) அல்லது அதற்கு மேல்.

இனி பொருத்தும் நாள். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, என்ஜின் தானாக அணையும்வரை ஓட விட்டு, லைனில் இருக்கும் அழுத்தத்தை இறக்குங்கள். பிறகு பேட்டரியின் மைனஸ் முனை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். ஷெட் கதவு திறந்திருக்கட்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

பழைய இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கியதும் நான்கு துவாரங்களையும் டேப்பால் மூடுங்கள். துணியைத் திணிக்க வேண்டாம், மறந்துவிடுவீர்கள். ஒரு சின்ன வாஷர் உள்ளே விழுந்தாலும் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். கழற்றும் ஒவ்வொரு வயருக்கும் ஓசுக்கும் பேப்பர் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள், போட்டோவும் எடுங்கள். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்குங்கள். கிராங்க் புல்லியைக் கழற்றும் கிட் என்றால் கூடுதல் கவனம்: சில என்ஜின்களில் டைமிங் கியரைப் பிடித்து வைப்பதே அந்த ஒற்றை போல்ட்டின் இறுக்கம்தான், கியர் நகராமல் பூட்டும் உலோகத் துண்டு (கீ) கிடையாது. அந்த போல்ட்டு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகையாகவும் இருக்கலாம். உங்கள் என்ஜினின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

பெல்ட் ஓடும் புல்லிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் கத்தும், ஓரம் பிய்யும். இதே 1.6 லிட்டருக்கு 6 பிஎஸ்ஐ கொடுக்க, முழு வேகத்தில் அந்த ஊதி ஏறத்தாழ 5 கிலோவாட், அதாவது 7 குதிரைசக்தி, பெல்ட் வழியாக உறிஞ்சும். இடைச்செருகலாக ஒன்று: 12 வோல்ட் "மின்சார சூப்பர்சார்ஜர்" என்று விற்கும் சின்ன மின்விசிறிகளை வாங்காதீர்கள். 5 கிலோவாட்டுக்கு 12 வோல்ட்டில் 400 ஆம்பியர் வேண்டும். அந்த மெல்லிய வயரில் எங்கிருந்து வரும்? 2016-ல் ஆடி எஸ்கியூ7 டீசலில் மின்சார கம்ப்ரஸர் வைத்தபோது, அதற்கென்றே 48 வோல்ட் மின்சுற்று தேவைப்பட்டது.

வேக்குவம் ஓசுகளில் மூன்றை மறக்காதீர்கள். என்ஜின் அடிவயிற்று ஆவியை உறிஞ்சும் பிசிவி வழியாகப் பூஸ்ட் பின்னோக்கிப் போனால், கிராங்க் அறை உப்பி ஆயில் சீலைத் தள்ளிவிடும். ஒருவழி வால்வு வேண்டும். பெட்ரோல் டேங்க் ஆவி வரும் லைனுக்கும் அப்படியே. பிரேக் பூஸ்டருக்கு ஏற்கெனவே ஒருவழி வால்வு உண்டு. பழையதென்றால் புதியது போடுங்கள், அதில் கசிவு இருந்தால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். தண்ணீர் வகை இன்டர்கூலர் என்றால் அதன் பைப்புகளில் காற்றுக் குமிழி நிற்காமல் வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் சும்மா சுற்றும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், கிட்டோடு வந்த புரோகிராம் இசியுவில் ஏறியிருக்க வேண்டும். ஃபியூஸைத் திரும்பப் போட்டு, சாவியை ஆன் மட்டும் செய்து, பெட்ரோல் எங்காவது கசிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஜாயிண்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் காற்றுக் கசிவைத் தேடுங்கள். ஐட்லிங்கில் மேனிஃபோல்டு உள்ளே இழுக்கும் என்பதால், கசியும் இடம் குமிழ்விடாமல் தண்ணீரை உறிஞ்சும்; குமிழியைப் பார்க்க வேண்டுமென்றால் என்ஜினை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து மெல்லக் காற்றழுத்தம் கொடுக்க வேண்டும். அதன்பிறகு ஆக்ஸிலரேட்டரை மெல்ல மட்டும் தொட்டு, பூஸ்ட் ஏறாமல், நேராக டைனோ (காரை நிறுத்திய இடத்திலேயே ஓட்டி சக்தியை அளக்கும் கருவி) உள்ள டியூனரிடம் ஓட்டிப் போங்கள். எந்தக் கிட்டின் புரோகிராமும் உங்கள் என்ஜினை, உங்கள் பெட்ரோலைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. டியூன் செய்யும் இந்த ஒரு வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிப்பதும் சாலையில் இறங்குவதற்கு முன்பே முடியட்டும்.

கடைசியாக, சின்ன புல்லி. கிராங்க் புல்லி 140 மில்லிமீட்டர், ஊதியின் புல்லி 65 என்று வைத்தால், 6,500 ஆர்பிஎம்மில் ஊதி 14,000 சுற்றும். அதை 60 ஆக்கினால் 15,000-ஐத் தாண்டும். பூஸ்ட் ஏறும், காற்றின் சூடு அதைவிட வேகமாக ஏறும், ரூட்ஸ் வகை எல்லைக்கு மேலே போகப்போக வெறும் சூட்டு ஊதியாகிவிடும். மேலே போட்ட இன்ஜெக்டர் கணக்கு, பம்ப், ஸ்பார்க் நேரம் எல்லாம் முதலிலிருந்து மாறும். 10.5 கம்ப்ரஷனை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். பிஸ்டன் மாற்றிக் கம்ப்ரஷனைக் குறைக்கும் எண்ணம் வந்தால் அப்போது மறுபடி எழுதுங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் எண்களையும், டைனோவில் எடுத்த காற்று-பெட்ரோல் விகிதப் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள்.